‘ஏன்?’ என்று கேட்கவிடாத அதிகாரம்

(கோவில்பட்டியில் நடந்த இளைஞர் வாசிப்புக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்.)



அரசு ஒரு காரியத்தைச் செய்கிறது. அல்லது ஒருவர் ‘இது என் உரிமை’ என்று சொல்லி ஒன்றைச் செய்கிறார். அது எப்போது நியாயம், எப்போது அநியாயம்? இதைப் பற்றித்தான் இன்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கேட்பதற்கு அரசியல் அறிவியல் வகுப்பு மாதிரி இருக்கிறது. ஆனால் இந்தக் கரிசல் மண்ணில் பிறந்த நமக்கு இது வெறும் வகுப்பறைக் கேள்வியாக ஒருநாளும் இருந்ததில்லை.

எனக்கு இந்தக் கேள்வி ஒன்பது வயதில் வந்தது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்தது. எங்கள் ஊர் கொடியன்குளம் இல்லை; அதைப்போலவே கரிசல் காட்டுக்குள் இருக்கிற இன்னொரு ஊர். செய்தி எங்களுக்குப் பஸ்ஸில் வந்தது. அன்று ராத்திரி எங்கள் அம்மா, தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்து வந்த களைப்போடு, அண்ணனின் பத்தாம் வகுப்பு மார்க் சீட்டையும் சாதிச் சான்றிதழையும் ஒரு பாலிதீன் பையில் சுற்றினார். கம்பு கொட்டி வைத்திருந்த குலுக்கைக்குள் கையை விட்டு ஆழத்தில் புதைத்தார். “கம்மல ஒளிச்சு வைக்கலையாம்மா?” என்று கேட்டேன். அந்த ஒரு ஜோடிக் கம்மல்தான் எங்கள் வீட்டு நகை. “எய்யா, வீட்ட இடிச்சா கட்டிக்கிடலாம். கம்மல் போனா போகுது. இத எரிச்சுட்டாம்னா எங்க போயி வாங்க?” என்றார்.

அம்மா எந்த அரசியல் கூட்டத்துக்கும் போனவர் இல்லை. ஆனால் கொடியன்குளத்தில் என்ன நடந்தது என்பதை ஒரே வரியில் புரிந்துகொண்டிருந்தார்.

இளைய தோழர்களில் பலருக்குக் கொடியன்குளம் ‘கர்ணன்’ படம் வழியாகத்தான் தெரியும். அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு தென்மாவட்டங்களில் சாதி மோதல்கள் நடந்துகொண்டிருந்தன. கொடியன்குளம் முழுக்க முழுக்கப் பட்டியல் சாதி மக்கள் வாழ்ந்த ஊர். வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்து அனுப்பிய பணத்தில் கொஞ்சம் தலைநிமிர்ந்திருந்த ஊர். அங்கே ஏறத்தாழ 600 போலீசார் போனார்கள். தேடப்படுகிறவர்களைப் பிடிக்கப் போனோம் என்பது சொல்லப்பட்ட காரணம். அவர்கள் உடைத்தவற்றின் பட்டியலைப் பாருங்கள்: டி.வி., மின்விசிறி, தையல் மிஷின், சைக்கிள், டிராக்டர், தானியம் சேமித்த கலன்கள். துணிகளோடு சேர்த்துப் பாஸ்போர்ட்டுகளையும் படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் போட்டு எரித்தார்கள். குடிக்கிற கிணற்றில் பூச்சிமருந்தையும் எண்ணெயையும் ஊற்றினார்கள்.

இப்போது சட்டக் கேள்வியை மட்டும் கேட்போம். ஒரு குற்றவாளியைத் தேட அரசுக்கு அதிகாரம் உண்டா? உண்டு. அதற்காக ஒரு வீட்டுக்குள் நுழைய அதிகாரம் உண்டா? முறைப்படி உண்டு. சரி, தையல் மிஷினுக்குள் யார் ஒளிந்திருந்தார்கள்? பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் பின்னால் எந்தக் குற்றவாளி பதுங்கியிருந்தான்? தேடுவதற்காகக் கொடுத்த அதிகாரம் தண்டிப்பதற்காகப் பயன்படுத்தப்பட்டது. அதுவும் எந்தக் குற்றத்துக்கான தண்டனை? முன்னேறியதற்கான தண்டனை. துபாய்க்குப் போகும் வழியும் கல்லூரிக்குப் போகும் வழியும் எது என்று பார்த்து, அந்த இரண்டு வழிகளையும் எரித்தார்கள்.

ஆகவே முதல் பாடம் இது. அதிகாரத்தைக் கொடுத்த நோக்கத்துக்கும் அது செய்த செயலுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும். சம்பந்தம் அறுந்த இடத்தில் யூனிஃபார்ம் வெறும் துணியாகிவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பதற்கும் ஒரு கும்பல் செய்வதற்கும் வேறுபாடு இல்லை, கும்பலுக்குச் சம்பளமும் வண்டியும் அரசு கொடுக்கிறது என்பதைத் தவிர.

*

இரண்டாவது இடத்துக்கு நாம் பஸ் ஏற வேண்டியதில்லை. இந்த ஊரிலேயே இருக்கிறது. கோவில்பட்டி கிளைச் சிறை.

2020 ஜூன் 19 மாலையில், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லி, சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் ஸ்டேஷனில் பிடித்து வைத்தார்கள். இரவு முழுக்க அடித்தார்கள். மறுநாள் மாவட்டத்தின் தென்கோடியிலிருந்து வடகோடிக்கு, இந்த ஊர்ச் சிறைக்குக் கொண்டுவந்தார்கள். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார். 23ஆம் தேதி அதிகாலை தந்தை இறந்தார். இருவரும் இறந்தது இதே கோவில்பட்டி அரசு மருத்துவமனையில்.

இந்த வழக்கில் என்னைத் தூங்கவிடாமல் செய்தவற்றில் ஒன்று, காகிதங்கள். ஸ்டேஷனுக்கும் சிறைக்கும் நடுவில் எத்தனை காகிதம்! முதல் தகவல் அறிக்கை இருந்தது. உடல் தகுதியாக இருக்கிறது என்று அரசு மருத்துவமனையின் சான்று இருந்தது. நடுவரின் ரிமாண்ட் உத்தரவு இருந்தது. சிறையில் சேர்த்த பதிவு இருந்தது. எல்லாவற்றிலும் கையெழுத்து, முத்திரை. ஒரு கணக்கில் பார்த்தால் எல்லாமே ‘சட்டப்படி’ நடந்திருக்கிறது.

கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு சொல்கிறது. எதற்காக? ரிமாண்ட் தாளில் கையெழுத்து வாங்குவதற்காகவா? போலீஸுக்குச் சம்பந்தமில்லாத ஒரு மனிதர், பிடிக்கப்பட்டவரின் முகத்தைப் பார்த்து, “உன்னை அடித்தார்களா? எதற்காகப் பிடித்தார்கள் என்று சொன்னார்களா?” என்று கேட்பதற்காக. அந்தக் கேள்விக்காகத்தான் அந்தப் பிரிவு. நெருங்கிப் பார்த்து விசாரிக்காமலே ரிமாண்ட் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போது பலமாக எழுந்தது. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காத இடத்தில் சட்டம் வெறும் தாளாக மிஞ்சியது. அந்தத் தாளோடு இரண்டு மனிதர்கள் இந்த ஊருக்கு வந்து இறந்தார்கள்.

பக்கத்தில் கயத்தாறு இருக்கிறது. 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கும்பினிக்காரனும் விசாரணை என்று ஒன்றை நடத்தித்தான் தூக்கிலிட்டான். கிஸ்தி கேட்கிற உரிமைக்கு நவாபிடமிருந்து பெற்ற பத்திரமும் அவனிடம் இருந்தது. பத்திரம் கையில் இருப்பதால் மட்டும் ஒரு அதிகாரம் நியாயமாகிவிடாது என்பது இந்த மண்ணுக்குப் புதிய செய்தி இல்லை.

ஆனால் அதே 2020 ஜூனில், இதே ஊரிலிருந்து இன்னொன்றும் நடந்தது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் என் பேச்சு நேர்மையாக இருக்கும். மதுரை உயர்நீதிமன்றக் கிளை தானாக வழக்கை எடுத்தது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் விசாரணைக்காகச் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்கே நேரில் போனார். அங்கே ஆவணங்களைத் தர மறுத்தார்கள், அவரை அவமதித்தார்கள். கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் தினமும் தானாக அழிந்துவிடும்படி வைக்கப்பட்டிருந்தன. அந்த ஸ்டேஷனில் பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர், பயந்து நடுங்கியபடி, ஆனாலும் பின்வாங்காமல், அந்த இரவில் நடந்ததைச் சொன்னார். நடுவர் எல்லாவற்றையும் எழுதி உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பினார். உயர்நீதிமன்றம் அந்தப் போலீஸ் ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. பின்னர் சி.பி.ஐ. 9 போலீசார் மீது கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

யோசித்துப் பாருங்கள். உள்ளே அடித்ததும் அரசு அதிகாரம். ஸ்டேஷனுக்குள் போய்க் கேள்வி கேட்டதும் அரசு அதிகாரம். இரண்டுக்கும் ஒரே அரசியல் சட்டம், ஒரே மாதச் சம்பளம். அந்தப் பெண் காவலர் அணிந்திருந்ததும் அதே காக்கிதான். அப்படியென்றால் எது இரண்டையும் பிரிக்கிறது?

ஒன்று, கேள்வியிலிருந்து தப்புவதற்காகப் பதிவை அழித்தது. மற்றொன்று, தான் செய்த ஒவ்வொன்றையும் எழுதி, காரணம் சொல்லி, தனக்கு மேலே இருப்பவர் முன்னும் மக்கள் முன்னும் வைத்தது. என் பேச்சின் மையம் இவ்வளவுதான், தோழர்களே. அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பது பாதிக் கதை. அது யார் மீது விழுகிறதோ அவர் “ஏன்?” என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறதா என்பது மீதிக் கதை. அந்த மீதி இல்லாவிட்டால் முதல் பாதிக்கு மதிப்பு இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜெயராஜும் பென்னிக்ஸும் பட்டியல் சாதியினர் இல்லை. வணிகச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்காகத் தமிழ்நாடு முழுவதும் கடைகள் அடைக்கப்பட்டன. நாமும் தெருவில் நின்றோம், நிற்க வேண்டும். ஆனால் கொடியன்குளத்துக்காக எத்தனை கடைகள் அடைக்கப்பட்டன? சேரியில் அடித்துப் பழகிய கை கடைவீதிக்கு வந்தபோதுதான் பலருக்கு அது கையாகத் தெரிந்தது. 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில், மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஊர்வலத்தை விரட்டி அடித்தபோது தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. அதில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் சுடப்பட்டு இறந்தார்கள். கீழே இருப்பவனிடம் பதில் சொல்லாமல் தப்பிக்கப் பழகிய அதிகாரம், நாளைக்கு யாரிடமும் பதில் சொல்லாது. சாதி ஒழிப்பு எங்களுக்கு மட்டுமான கோரிக்கை என்று நினைப்பவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

*

சரி, ‘பெரும்பான்மை மக்கள் ஏற்றுக்கொண்டால் அது நியாயமான அதிகாரம்தானே’ என்று ஒரு வாதம் உண்டு. ஜனநாயகம் என்றாலே அதுதான் என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். அதை நம் பக்கத்து ஊர்களில் வைத்துப் பார்ப்போம்.

2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாங்குளத்தில் ஒரு பெட்டிக்கடை. பட்டியல் சாதிக் குழந்தைகள் தின்பண்டம் வாங்கப் போகிறார்கள். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள், உங்கள் தெருக்காரர்களுக்கு எதுவும் தரக்கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்புகிறார். அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குழந்தைகளுக்குக் ‘கட்டுப்பாடு’ என்ற வார்த்தைகூடப் புரியவில்லை. ‘என்ன கட்டுப்பாடு?’ என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்தக் ஊர்க்கட்டுப்பாட்டுக்குக் கூட்டம் இருந்தது, முடிவு இருந்தது, அந்தத் தெருவின் சம்மதம் இருந்தது, அதை நிறைவேற்ற ஆளும் இருந்தார். ஏற்பு என்ற அளவுகோலை வைத்தால் அதற்கு நூற்றுக்கு நூறு மார்க். யார் மீது அந்த முடிவு விழுந்ததோ அவர்களிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. முட்டாய் வாங்க வந்த பிள்ளைக்கு ‘ஏன்?’ என்பதற்கான பதில் அந்தக் கூட்டத்திடம் இல்லை. இருந்த ஒரே பதில் சாதி.

இதற்கு நேர் எதிரான காட்சி பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல். 1996இலிருந்து பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிகள். பத்து ஆண்டுகள் அங்கே முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. வேட்புமனு போட ஆளில்லாமல் மிரட்டினார்கள்; தங்களுக்கு வேண்டியவரை நிறுத்தி ஜெயிக்கவைத்து, உடனே ராஜினாமா செய்யவைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. மேலவளவில் ஒருவர் துணிந்து நின்று ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று, ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அரசியல் சட்டம் கொடுத்த பதவி, வாக்கு கொடுத்த வெற்றி, இரண்டும் அவரிடம் இருந்தன. ஊரின் ஏற்பு மட்டும் இல்லை.

சாதி ஊரில், நியாயமான அதிகாரத்துக்கு ஏற்பு இருக்காது; அநியாயமான அதிகாரத்துக்கு ஏற்பு நிறைய இருக்கும். அதனால்தான் ‘ஊரே ஒத்துக்கிடுச்சு’ என்பதை நாம் ஒரு சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. எந்த ஊர்? யாரை எண்ணி, யாரை எண்ணாமல் விட்ட ஊர்? 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியது இந்த முரண்பாட்டைப் பற்றித்தான். அரசியலில் ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு, ஓர் ஓட்டுக்கு ஒரே மதிப்பு என்று ஏற்கிறோம். சமூகத்திலும் பொருளாதாரத்திலும் அந்தச் சம மதிப்பை மறுத்துக்கொண்டே இருக்கிறோம். இது நீடித்தால் கட்டிய ஜனநாயகமே தகர்ந்துவிடும் என்று எச்சரித்தார்.

அரசே கூட்டத்துக்குப் பயந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் வட்டாரத்தில் ஒரு கதை உண்டு. ஓட்டப்பிடாரம் பக்கம் கவர்னகிரியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரில் 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்தை அரசு அறிவித்தது. அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றது சாதி. கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனது. கட்டபொம்மன் பெயரும் போனது, காமராஜர் பெயரும் போனது. எல்லோர் பெயரையும் எடுத்துவிட்டோமே, இதில் பாகுபாடு எங்கே என்று கேட்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் சமம்தான். ஆனால் அந்த முடிவுக்கான உண்மையான காரணத்தை அரசு சுந்தரலிங்கத்தின் மக்களிடம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? “உங்கள் ஆளின் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற அவர்கள் மறுத்தார்கள், அதனால் எடுத்தோம்” என்று நேருக்கு நேர் சொல்ல முடியுமா? பாதிக்கப்பட்டவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத காரணம், காரணம் ஆகாது.

*

இதுவரை அரசைப் பற்றியும் ஊரைப் பற்றியும் பேசினோம். தனிமனித உரிமைக்கும் இதே அளவுகோல்தான்.

‘என் கடை, நான் யாருக்கு வேண்டுமானாலும் விற்பேன்’ என்பது கேட்கச் சாதாரண உரிமை மாதிரி இருக்கும். ஆனால் கடைக்குள் நுழைவதைச் சாதியின் பேரால் யாரும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு சொல்கிறது. தீண்டாமையை எந்த வடிவிலும் 17ஆவது பிரிவு ஒழித்திருக்கிறது. 2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டி தொடக்கப் பள்ளியில் என்ன பேச்சு வந்தது? காலை உணவைச் சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை என்று செய்தி வந்தது. அமைச்சர், நாடாளுமன்ற உறுப்பினர், ஆட்சியர் எல்லாம் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ‘என் பிள்ளை என்ன சாப்பிட வேண்டும் என்பது என் விருப்பம்’ என்று ஒரு பெற்றோர் சொல்லலாம். உப்பு அதிகம் என்றோ உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ காரணம் இருந்தால் அது விருப்பம். சமைத்த கையின் சாதிதான் காரணம் என்றால், அது உரிமை என்ற சட்டையைப் போட்டுக்கொண்ட தீண்டாமை.

‘என் மகள் யாரைக் கட்ட வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா’ என்பதும் அப்படித்தான். வயதுவந்த இருவரின் திருமணத்தில் தலையிடக் குடும்பத்துக்கும் சாதிப் பஞ்சாயத்துக்கும் எந்த அதிகாரமும் இல்லை என்று 2018லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவின் வெட்டிக் கொல்லப்பட்டார். நம் மாவட்டத்துப் பிள்ளை, படித்து மென்பொருள் பொறியாளர் ஆனவர். கொடியன்குளத்தில் எரித்தது சான்றிதழை. இங்கே அந்தச் சான்றிதழை வாங்கியவனையே வெட்டினார்கள்.

ஓர் உரிமையை நாம் எப்படி உரசிப் பார்ப்பது? அதை எல்லோரும் பயன்படுத்தினாலும் எல்லோரும் நிமிர்ந்து நிற்க முடிகிறதா என்று பாருங்கள். ஒருவர் குனிந்தால்தான் இன்னொருவருக்கு அது கிடைக்கும் என்றால் அதற்குப் பெயர் உரிமை இல்லை, ஆதிக்கம்.

*

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். இது எதிரிகளைப் பற்றியது இல்லை, நம்மைப் பற்றியது.

ஒரு சாதிவெறியனைப் போலீஸ் பிடிக்கிறது. மறுநாள் கையில் மாவுக்கட்டோடு அவன் படம் வருகிறது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்கிறார்கள். நம் வாட்ஸ்அப் குழுக்களில் என்ன நடக்கிறது? சிரிப்பு எமோஜி. மீம்ஸ். “அந்த வழுக்குற பாத்ரூம எல்லா ஸ்டேஷன்லயும் கட்டுங்கய்யா” என்று நம் தோழர் ஒருவரே எழுதுகிறார். பாலியல் குற்றவாளி என்று ஒருவரைப் பிடித்தால் ‘என்கவுன்டர் பண்ணு’ என்று நாமும் ஸ்டேட்டஸ் போடுகிறோம். 2019 டிசம்பரில் ஹைதராபாத்தில் நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது தெருவில் பூத் தூவிக் கொண்டாடினார்கள். பிறகு 2022இல், உச்ச நீதிமன்றம் அமைத்த விசாரணைக் குழு, அவர்கள் கொல்லும் நோக்கத்தோடே சுடப்பட்டார்கள் என்று சொன்னது. தூவிய பூவை யாரும் திரும்பப் பொறுக்கவில்லை.

எனக்கும் கோபம் வருகிறது. எங்கள் தெருப் பிள்ளையை ஒருவன் சைக்கிளிலிருந்து இறக்கிவிட்டு அடித்தான் என்று கேட்டால் அவன் கை உடைய வேண்டும் என்றுதான் முதலில் தோன்றுகிறது. ஆனால் அடுத்த நிமிடம் அம்மாவின் குலுக்கை ஞாபகம் வருகிறது. பாத்ரூமில் வழுக்கி விழவைக்கிற அந்தக் கை யாருடையது? கொடியன்குளத்தில் கிணற்றில் மருந்து ஊற்றிய கை. சாத்தான்குளத்தில் இரவு முழுக்க ஓங்கிய கை. இன்றைக்கு நமக்குப் பிடித்த ஆள்மீது விழுகிறது என்பதற்காக அதற்கு நாம் கைதட்டினால், நாளைக்கு நம் தெருவுக்குள் வரும்போது “ஏன் அடிக்கிறாய்?” என்று கேட்கிற தகுதியை நாமே விற்றுவிடுகிறோம். விற்ற பொருளை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

‘அப்படியானால் அவர்களைச் சும்மா விடுவதா?’ என்று கேட்பீர்கள். இல்லை. பாஞ்சாங்குளத்துக்கே திரும்பிப் போவோம். அங்கே அரசு என்ன செய்தது? கடையைப் பூட்டி சீல் வைத்தது. வழக்குப் போட்டது. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம் செய்யக்கூடியவரை அந்தப் பகுதியிலிருந்தே வெளியேற்றி வைக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் புத்தகத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்த அந்தப் பிரிவைப் போலீஸ் எடுத்தது, நீதிமன்றத்துக்குப் போனது. ஐந்து பேர் ஆறு மாதம் அந்த ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. எவர் கையும் உடையவில்லை. அவர்களுக்கும் வழக்கறிஞர் வைக்க வழி இருந்தது, மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது, காலக் கெடு இருந்தது. காரணம் தாளில் எழுதப்பட்டிருந்தது. அந்தக் காரணத்தை அவர்கள் முகத்துக்கு நேராகவும் சொல்லலாம், முட்டாய் கேட்டு நின்ற பிள்ளையின் முகத்துக்கு நேராகவும் சொல்லலாம். இந்த இரண்டு பக்கமும் சொல்ல முடிகிற அதிகாரம்தான் நமக்கு வேண்டும். மாவுக்கட்டு ஒருநாள் மீம். அந்த உத்தரவு அடுத்த ஊருக்கும் முன்மாதிரி.

குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டைப் புல்டோசர் வைத்து இடிப்பதை வடக்கே சில மாநிலங்களில் நீதி என்று கொண்டாடினார்கள். குற்றம் சாட்டப்பட்டார் என்பதற்காக வீட்டை இடிக்க முடியாது, முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும், பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீடுகளை இடித்தால் எப்படி இருக்கும் என்று நம் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

*

முடிப்பதற்கு முன், கையோடு எடுத்துப்போகச் சில விஷயங்கள். நியாயத்தைப் பேசினால் மட்டும் போதாது; அதைக் கேட்டு வாங்குகிற வழியும் தெரிந்திருக்க வேண்டும்.

யாரையாவது போலீஸ் கூப்பிட்டுப் போனால், கைதுக் குறிப்பைக் கேளுங்கள். அதில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும். குடும்பத்தவர் அல்லது ஊரில் மதிப்புள்ள ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி இது. இன்றைய சட்டத்திலும் இருக்கிறது. நடுவர் முன் நிறுத்தும்போது நம் ஆட்கள் அங்கே இருக்க வேண்டும். அடித்திருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் வந்த தீர்ப்பின்படி ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் கேமரா இருக்க வேண்டும். பதிவுகளைக் குறைந்தது ஓர் ஆண்டாவது வைத்திருக்க வேண்டும். ‘அழிந்துவிட்டது’ என்பது இனிமேல் பதில் இல்லை, அதுவே ஒரு குற்றத்தின் அடையாளம்.

வன்கொடுமைப் புகாரைப் பதிவு செய்யாமல் கடமை தவறும் அரசு ஊழியர் மீது நடவடிக்கை எடுக்க அதே சட்டத்தில் நான்காவது பிரிவு இருக்கிறது. மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு நான்கு முறை கூட வேண்டும். கூடியதா, என்ன பேசினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். பத்து ரூபாய் வேலை. உங்கள் ஊராட்சித் தலைவர் பட்டியல் சாதியினர் என்றால், கிராமசபைக்குப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். உட்காரவில்லை என்றால் ஏன் என்று சபையிலேயே கேளுங்கள்.

இவை எல்லாம் சின்னக் காரியங்கள் என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொன்றும் ஒரே கேள்வியின் வேறு வேறு வடிவம்: ஏன்? என்ன காரணத்துக்காக இதைச் செய்தாய்? அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்.

1995இல் எங்கள் அம்மாவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் இடம் இல்லை. அதனால் சான்றிதழைக் குலுக்கைக்குள் புதைத்தார். அண்ணன் அதை வைத்துப் பிறகு ஐ.டி.ஐ. சேர்ந்தார். தாளில் கம்பு வாசனை ரொம்ப நாள் இருந்தது. நம் அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் சான்றிதழை யாருக்கும் பயந்து ஒளித்து வைக்கக் கூடாது. சுவரில் சட்டம் போட்டு மாட்ட வேண்டும். யாராவது வந்து அதைத் தொட்டால், “ஏன்?” என்று கேட்க வேண்டும். பதில் கிடைக்கிறவரை விடக் கூடாது.